ஒரு மழை பார்த்துவிட்டு

பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனில் நான் ஒன்று சொல்ல நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். அதனால் இனிமேல் கடிதம்தான். கண்ணாடியைத் தேட வேண்டாம், அலமாரியின் மேல்தட்டில் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

வழியில் அந்த வளைவு வந்தது. உங்கள் பிள்ளை போன வேன் கவிழ்ந்த இடம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன், மூடவில்லை. பார்த்தால் வெறும் ரோடு. ஓரத்தில் யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

நிறுவனம் எனக்குக் கொடுத்திருப்பது உங்கள் பிள்ளை தங்கியிருந்த அதே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, துணி காயப்போட ஒரு கம்பி. அவர் அடித்த ஆணியில் அவருடைய வெயில் தொப்பி இன்னும் தொங்குகிறது. யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நாளைக்கு வகுப்பு ஆரம்பம். அவர் பாதியில் விட்ட இடத்திலிருந்து நான் தொடர வேண்டும். முன்பு வேறு ஊர்களில் சேர்ந்து வேலை பார்த்தபோது அவர் தண்ணீருக்கு வழி பார்ப்பார், நான் நாற்றுகளைப் பார்ப்பேன். இப்போது இரண்டும் என் தலையில். வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. தெருவோரக் கல்லை வெட்டி ஒரு வாய் திறப்போம். சாலையில் ஓடி வீணாகிற மழைத் தண்ணீரை அந்த வாய் வழியாகப் பக்கத்துக் குழிக்குள் இறக்குவோம். குழிக்கரையில் மரம் வைப்போம். தெருக்காரர்களே வெட்டுவார்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர் வெட்டிய முதல் குழியை இன்று போய்ப் பார்த்தேன். கரையில் வைத்த வேம்பு என் இடுப்பளவு நிற்கிறது. வாயின் சிமெண்டில் அவர் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. சிமெண்ட் இறுகிவிட்டதா என்று உங்களைப் போலவே அழுத்திப் பார்ப்பாரே, அந்தத் தடம்.

அந்தக் குழி இதுவரை ஒரு மழைகூடப் பார்த்ததில்லை. கிளம்பும்போது சொன்னதுதான் மாமா. அதில் தண்ணீர் இறங்குவதை ஒரே ஒரு மழை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அப்புறம் உங்களை விட்டு எங்கும் போகமாட்டேன்.

அங்கே நம் வீட்டில் அவர் அறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 24

அம்மாடி,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். கண்ணாடி நீ சொன்ன இடத்தில் இல்லை. அலமாரியையே கவிழ்த்துப் போட்டுத் தேடியபின் பார்த்தால் என் நெற்றியில் இருந்தது.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாருக்குப் படித்துக் காட்டினேன். "தண்ணிய வெளியேத்தறது நீங்க, உள்ள கூட்டிட்டு வர்றது உங்க மருமக. நல்ல குடும்பம் சார்!" என்று சிரிக்கிறார். ஆயுசு முழுக்க நான் செய்த வேலை அது ஒன்றுதானே. மொட்டைமாடியில் நிற்கிற தண்ணீர், சமையலறைத் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், எதுவானாலும் குழாயைப் போட்டு வீட்டைவிட்டுத் துரத்துவது. எனக்குப் பிள்ளையாகப் பிறந்தவன் அதே தண்ணீரைக் கையைப் பிடித்துக் கூட்டிவரப் படித்தான். இன்ஜினியர் துரை! "நீங்க விரட்டினதையெல்லாம் நான் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரேம்ப்பா" என்பான். அவனோடு சண்டை போட்டுச் சாப்பிட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

நீயும் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. சமைத்தால் இரண்டு பேருக்குச் சமைத்துவிடுகிறேன். டீ போட்டால் இரண்டு டம்ளர் வருகிறது. கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. இரண்டாவது டம்ளரையும் நானே குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

வானிலைச் செய்தியில் உன் பக்கத்தைச் சொல்லும்போது சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். வாத்தியார் சுவரைத் தட்டுகிறார். தட்டட்டும். தினமும் "வானம் தெளிவாக இருக்கும்" என்றே சொல்கிறார்கள். தெளிவாக இருந்து யாருக்கு என்ன லாபம்? சீக்கிரம் ஒரு மழை கொட்டித் தீர்க்கட்டும், நீ மூட்டையைக் கட்டு.

சுவர் ஈரம் கிடக்கட்டும். குழாய்க்காரன் வீட்டுக் குழாய்க்கு என்ன அவசரம்?

உன் மாமா


ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் மண் வேலை, பிறகு வகுப்பு, சாயங்காலம் நாற்றுகளுக்குத் தண்ணீர். படுத்ததும் தூங்கிவிடுகிறேன். தூக்கம் வருவதே எனக்கு அதிசயமாக இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை வெட்டிய அந்த முதல் குழிக்கு நேர் எதிரே, சாலை மட்டத்துக்குக் கொஞ்சம் பள்ளத்தில் அவர்கள் வீடு. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடித்தனம். அவர்கள் வாய் சும்மா இருக்காது. முதல் நாளே என்னைப் பார்த்து, "நீ என்ன இப்படி அளவெடுக்காம தச்ச துணி மாதிரி தொளதொளன்னு இருக்க? சாப்பிடறியா இல்லையா?" என்றார்கள். ஒரு வெல்டரும் வருகிறார். ஆள் மலை மாதிரி இருப்பார், ஆனால் நாற்றைத் தொடுவதற்குப் பயம். "பிடிச்சா ஒடிஞ்சிருமோ மேடம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

உங்கள் பிள்ளை இங்கே ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறார். குழி வெட்டி முடித்ததும் தெருவின் மேட்டில் நின்று, துணி அலசிய தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். எல்லோரும் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே நடந்து போவோம். அது வாய்க்குள் திரும்பினால் குழி பாஸ். திரும்பாவிட்டால் வெட்டியவரே உடைத்து மறுபடி செய்ய வேண்டும். வெல்டரின் குழி இரண்டு தடவை ஃபெயில்.

போன மாதம் இந்தத் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். சாலை மட்டம் மாறியிருக்குமே, அவர் வெட்டிய முதல் குழிக்கும் ஒரு குடம் ஊற்றிப் பார்ப்போம் என்றேன். வெல்டர், "சார் வச்சதுக்கு எதுக்குங்க டெஸ்டு?" என்றார். தையற்காரம்மா என் கையிலிருந்த குடத்தை வாங்கி வேம்புக்கு ஊற்றிவிட்டார்கள். எனக்கும் அப்போது அதுவே சரியென்று பட்டது மாமா. மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

வாத்தியார் வீட்டம்மா போனில் ஒரு விஷயம் சொன்னார்கள். உங்கள் பிள்ளை கடைசி லீவில் அறுத்துவிட்டுப் போன மாடிக்குழாய் இன்னும் அப்படியேவா நிற்கிறது? மழை பெய்தால் அத்தனையும் அவர் அறைச் சுவரிலேயே அடிக்கிறதாமே? ஊருக்கெல்லாம் குழாய் போட்டவர் வீட்டுக் கூத்தா இது!

இங்கே மேகமே இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மே 10

அம்மாடி,

வாத்தியார் வீட்டம்மாவுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். அன்றைக்கு நீ கடைக்குப் போயிருந்தாய். மாடித் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் கொல்லையில் குழி வெட்டி இறக்கப் போகிறேன் என்று ஏணியில் ஏறினான். நான் கீழே நின்று கத்தினேன். அவன் பாட்டுக்குக் குழாயை அறுத்தான். அதற்குள் ஆபீசிலிருந்து போன், மறுநாளே வரச் சொல்லி. இறங்கி வந்து, "அடுத்த தடவை வந்து முடிக்கிறேன். நீங்க கை வைக்காதீங்கப்பா, வச்சா மறுபடி சாக்கடைக்கே விட்டுருவீங்க" என்றான்.

கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மழை பெய்தால் சுவரோரம் வாளி வைக்கிறேன். நிறைந்ததும் எடுத்துக் கொல்லையில் ஊற்றுகிறேன். வயசுக்கு ஒரு தேகப்பயிற்சி.

தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது அம்மாடி. இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ வந்து இந்த வீட்டில் ஒரு பாத்திரத்தை உருட்டினால் போதும். அங்கே மழை விழுந்த செய்தி வந்ததும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.

உன் மாமா


ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

மழை வந்துவிட்டது. நீங்களும் செய்தியில் கேட்டிருப்பீர்கள்.

முந்தாநாள் மத்தியானம் காற்று வந்தது, புழுதி வந்தது, அப்புறம் சட்டியைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. வகுப்பை விட்டுவிட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். வெல்டர் குழிக்குள் தண்ணீர் சுழன்றுகொண்டு இறங்கியதும் அவர் சின்னப் பையன் மாதிரி குதித்தார். ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லாம் நிறைந்திருந்தன. கடைசியில் உங்கள் பிள்ளையின் குழிக்கு வந்தோம்.

அதில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை மாமா. புதுத் தார் போட்டதில் அந்த இடத்தில் சாலை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் அவர் வைத்த வாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து போய்த் தையற்காரம்மா வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. நாங்கள் போனபோது முன்னறையில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். மெஷினின் மோட்டார் முங்கிவிட்டது. யாரோ கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் மிதந்தன. அவர்கள் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சார் குழியில தண்ணி வந்துச்சா?"

தார் போட்ட மறுநாளே அவர்களுக்குச் சந்தேகமாம். வெல்டருக்கும் சந்தேகமாம். எனக்கும் இருந்தது மாமா. ஒரு குடம் ஊற்றியிருந்தால் தெரிந்திருக்கும். ஊற்றினால் அவர் தப்பாகிவிடுவாரோ என்று யாருக்கும் மனசு வரவில்லை.

நேற்று எல்லோரும் கூடிப் பேசினார்கள். குழியை அப்படியே விட்டுவிடலாம், சுற்றிக் கம்பி வேலி போட்டு அவர் நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. வெல்டர் வேலிக்கு அளவுகூட எடுத்துவிட்டார். தையற்காரம்மா வாசற்படியை உயர்த்திக் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். வேம்புக்கு நாங்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஒரு மழை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பார்த்துவிட்டேன். மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நானே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூலை 17

அம்மாடி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தோஷம், நீ வருகிறாய் என்பது. பொய் சொல்லமாட்டேன். உன் அறையைப் பெருக்கினேன், தலையணை உறையை மாற்றினேன். மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் சேறு புகுந்திருக்கிறது, நீங்கள் குழிக்கு வேலி போடுகிறீர்களா? தண்ணீர் இறங்காத குழிக்கு நினைவுச்சின்னம் என்று பெயரா? அவன் உயிரோடு இருந்து அந்தம்மா கட்டில் மேல் நின்றதைப் பார்த்திருந்தால் மழை விடுவதற்குள் கடப்பாரையை எடுத்திருப்பான். ஃபெயிலான குழியை வெட்டியவனே உடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் அவன்தானே? அவனுக்கு மட்டும் என்ன சலுகை?

உடை. என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும், யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறாய். நான் சொல்கிறேன். சாலை சாய ஆரம்பிப்பதற்கு முன்னால், மேட்டிலேயே புது வாய் திற. அங்கிருந்து குழி வரைக்கும் ஓரமாக ஒரு வாய்க்கால் இழு. பழைய வாயை அடைத்துவிடு. அது திறந்திருந்தால் குழியில் விழுந்த தண்ணீர் அதன் வழியாகவே தெருவுக்குத் திரும்பி மறுபடி அந்தம்மா வீட்டுக்குத்தான் போகும். விரல் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அந்தத் துண்டை எனக்கு அனுப்பவும் வேண்டாம். அவன் விரலை நான் பிடித்து நடத்தியிருக்கிறேன், எனக்குச் சிமெண்டில் பார்க்க வேண்டியதில்லை.

முடித்ததும் குடம் ஊற்றிப் பாருங்கள். ஆனால் குடம் மழையாகாது. சாலை முழுக்க அடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் அந்தப் புது வாய்க்குள் திரும்புகிறதா என்று இன்னொரு மழை வந்தால்தான் தெரியும். அதுவரை நீ அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் அடுத்த மழை எப்போது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் எழுதுகிறேன்.

தலையணை உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். தூசி படியாது.

உன் மாமா


ஆகஸ்ட் 22

அன்புள்ள மாமாவுக்கு,

உடைத்துவிட்டோம்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் அப்படியே படித்துக் காட்டினேன். வெல்டர் எழுந்து போய் வேலிக்கு வாங்கிய கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கடப்பாரையை யார் பிடிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது தையற்காரம்மா என் பக்கத்தில் வந்து, "வா, நாம ரெண்டு பேரும் பிடிப்போம். நீ முதல்ல, நான் அப்புறம்" என்றார்கள். முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் தெறித்தது. எனக்குச் சத்தமாக அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட நான் இப்படி அழவில்லை, நீங்கள் பார்த்தீர்களே. அவர்கள் என்னைத் தேற்றவில்லை. கடப்பாரையை வாங்கி மிச்சத்தை உடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

புது வாயிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் இருக்கக் கல் பரப்ப வேண்டும். உடைந்த துண்டுகளையே பரப்பினோம். விரல் தடம் இருக்கிற துண்டும் அதில் இருக்கிறது, மேல்பார்த்த மாதிரி. இனி ஒவ்வொரு மழையும் முதலில் அதன்மேல்தான் விழும்.

போன வாரம் ஒரு மழை பெய்தது. பெரிதில்லை, ஆனால் சாலை முழுக்க ஓடியது. ஒரு சொட்டுகூடச் சாலையைக் கடக்கவில்லை. குழி நிறைந்து, மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. தையற்காரம்மா வாசலில் நின்று, "சார் பாஸ்!" என்று கத்தினார்கள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் மாமா.

ஆக, நீங்கள் சொன்ன மழையும் வந்துவிட்டது. வாக்குப்படி நான் கிளம்ப வேண்டும். ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். பக்கத்துத் தெருக்காரர்களும் வகுப்பு கேட்கிறார்கள். நிறுவனம் என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறது. இங்கே காலையில் கண் விழித்தால் இன்றைக்கு என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றுகிறது. அங்கே வந்தால் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உங்களைத் தனியே விட்டுவிட்டு இப்படி எழுதுவதும் எனக்குக் குற்றமாகத்தான் படுகிறது. நீங்கள் வா என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். சத்தியமாக, முகம் சுளிக்காமல் வருவேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


செப்டம்பர் 6

அம்மாடி,

"வா" என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

நீ வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. உன்னை என் வீட்டுக்குக் கூட்டிவந்தவன் அவன். அவன் இல்லாத வீட்டில் எனக்குத் துணையாக உட்கார வைக்க உன்னைப் பெற்றவர்கள் உன்னைக் கொடுக்கவில்லை. நான் கேட்டேன் என்பதற்காக நீ வந்து, முகம் சுளிக்காமல் இருந்து, நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? எனக்கு அது வேண்டாம். லீவுக்கு வா. வந்தால் நாலு நாள் இரு, சண்டை போடு, போ. நாளைக்கு உனக்கென்று ஒருவர் அமைந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு எழுதத் தயங்காதே. அந்தக் கடிதத்தை மட்டும் வாத்தியாருக்குப் படித்துக் காட்டமாட்டேன்.

நீ போய்விட்டாய் என்று எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு உடை என்று எழுதிவிட்டு நான் வாளியோடு நடந்துகொண்டிருந்தேன். வாத்தியார் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மருமகளுக்கு மட்டும்தான் சட்டமா?" என்று கேட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் கொல்லையில் குழி வெட்டினேன். அவன் சொன்ன இடத்தில்தான். சாக்கடைக்கு விடவில்லை, அவனிடம் சொல்ல முடிந்தால் சொல்லு. இங்கே மழை பெய்ததும் தண்ணீர் இறங்கியதா என்று எழுதுகிறேன்.

இன்று காலையில் குழாயை முடித்தேன். வாத்தியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவன் வாங்கி வைத்திருந்த வளைவுத் துண்டு பரணிலேயே இருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பசை தடவி, அறுத்த முனையில் செருகி, ஒரு திருகு திருகி, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் கழற்ற முடியாது. எத்தனையோ வீட்டில் செய்த வேலை. பசை எப்போதோ பிடித்துவிட்டது, எனக்குத்தான் கையை எடுக்க வரவில்லை. கீழேயிருந்து வாத்தியார், "பிடிச்சிருக்கும் சார், விடுங்க" என்றார். விட்டேன்.

இறங்கி வந்து டீ போட்டேன். வழக்கம்போல இரண்டு டம்ளர் வந்தது. வாத்தியார் இருந்ததால் மிச்சமாகவில்லை.

உன் மாமா